ரகசிய ஆபீஸிலிருந்து ஒரு ராஜினாமா

பாண்டியிலிருந்து வரும் பஸ் மரக்காணத்துக்குள் நுழையும் முன்னால், இரண்டு பக்கமும் உப்பளமாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் நிற்கும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ரகசிய ஆபீஸெல்லாம் எறங்கு!" என்று கத்துவார். இறங்க வேண்டியவர்கள் கூச்சமில்லாமல் இறங்குவார்கள். ரோட்டோரம் முள்கம்பி வேலி, வேலிக்குள் இரண்டு அறைக் கட்டடம், அதற்குப் பின்னால் ரொம்ப உயரமாக ஓர் இரும்புக் கம்பம். கேட்டில் ஒரு போர்டு தொங்கும்: 'இங்கே எந்த அலுவலகமும் இல்லை. அனுமதியின்றி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.'

பங்களாதேஷ் சண்டை முடிந்த சூட்டோடு அரசாங்கம் அதைக் கட்டியது. அது எந்த இலாகா, அதற்கு என்ன பெயர், கம்பத்தின் உச்சியில் இருப்பது என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கம்பத்தின் மேல் காக்கை உட்காருவதை மட்டும் பார்த்திருக்கிறோம். அரசாங்க ரகசியம் என்றால் மரியாதை கொடுக்கத்தானே வேண்டும் என்று நாங்களும் கொடுத்துவந்தோம். சவரிராயன் அங்கே வேலைக்குச் சேர்ந்து, அந்த வேலையை விடுவதற்குப் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தப் போர்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வர ஆரம்பித்தது.

சவரிராயன் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த பையன். பாண்டியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவன். ரகசிய ஆபீஸுக்கு டைப்பிஸ்ட் தேவை என்று விளம்பரம் வந்தபோது மனுப் போட்டான், கிடைத்தது. முதல் நாள் புதுச் சட்டையோடு போனான். கேட்டுக்கு உள்ளே நின்றபடி நிலைய அதிகாரி சக்கரபாணி வரவேற்றார். மெட்ராஸ்காரர், வெற்றிலை போடாத வாய், எதைச் சொன்னாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொல்கிற பழக்கம்.

"வாங்க மிஸ்டர் சவரிராயன். ரொம்ப சந்தோஷம். ஆனா உள்ள வந்துடாதீங்க."

"ஏன் சார்?"

"உங்களைப் பத்தி மேலிடம் ரகசிய விசாரணை நடத்தும். நம்பகமான ஆளுன்னு முடிவு வந்தா அதுக்குப் பேரு க்ளியரன்ஸ். அது வர்ற வரைக்கும் இங்க எதையும் நீங்க பார்க்கக் கூடாது."

"டைப்ரைட்டர்?"

"அது என்ன கம்பெனின்னு தெரிஞ்சாகூட எதிரிக்குப் போதும்."

ஆக, சவரிராயன் கேட்டுக்கு வெளியே இருந்த பூவரச மரத்தடியில் உட்கார்ந்தான். ஆபீஸ் நாற்காலி வெளியே வரக் கூடாது என்பதால் வீட்டு நாற்காலியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுபோனான். காலையில் வருவான், உட்காருவான், சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவான். முதல் தேதி சம்பளம் கம்பி இடுக்கு வழியாக வரும். வராத நாளுக்கு லீவ் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் அசந்து தூங்கிவிட்டதற்கு மெமோகூடக் கொடுத்தார்கள். மெமோ ரகசியம் என்பதால் சக்கரபாணி அதைத் தூரத்தில் நின்று காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

இப்படியே இரண்டு உப்பு சீசன் போனது. கை விரல் மரத்துப்போகாமல் இருக்க, அவன் தொடையிலேயே டைப் அடித்துப் பழகினான். பார்த்தவர்கள் அவனுக்கு நரம்புத் தளர்ச்சி என்று பேசிக்கொண்டார்கள்.

அப்படிப் பேசிக்கொண்டவர்களில் அமிர்தசாமியும் ஒருவர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள உப்பளம் அவருடையது. சவரிராயனுக்கு ஒன்றுவிட்ட மாமா முறை. அவருடைய மகள் லீமாவுக்கும் இவனுக்கும் சின்ன வயசிலிருந்தே பேச்சு உண்டு. இப்போது பேச்சு முற்றி, கட்டினால் இவளைத்தான், இவனைத்தான் என்கிற நிலைக்கு வந்திருந்தது. அமிர்தசாமி அவனை வரப்பில் நிறுத்திக் கேட்டார்.

"டேய், நீ இன்னா வேலை பாக்குற?"

"டைப்பிஸ்ட், மாமா."

"இதுவரைக்கும் ஒரு எழுத்தாவது அடிச்சியா?"

"இன்னும் இல்ல மாமா. க்ளியரன்ஸ் வரணும்."

"என் பாத்தியில மிதிக்கிறவன் மிதிக்கிறான். உப்பு வார்றவன் வார்றான். நீ ஒருத்தன்தான் எதுத்தாப்புல நாற்காலி போட்டுக்கினு கோடம்பாக்கத்துக்காரனாட்டம் ஒக்காந்திருக்க. என் ஆளுங்க உன்னயப் பாத்துப் பாத்து கெட்டுப்போறானுங்கடா. வாசல்ல ஒக்காந்திருக்கறவனுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன். உள்ள போய் வேலை செய், இல்லன்னா வேற வேலை தேடு. விபூதிப் புதனுக்குள்ள கல்யாணம் முடியணும். முடியலன்னா கும்பகோணத்துலேருந்து ஒரு போஸ்டாபீஸ் மாப்பிள்ளை கேட்டுக்கினு இருக்கான்."

விபூதிப் புதன் வந்துவிட்டால் தபசு காலம். ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதுவரைக்கும் போஸ்டாபீஸ் மாப்பிள்ளை காத்திருப்பானோ இல்லையோ, அமிர்தசாமி காத்திருக்க மாட்டார். சவரிராயன் வேறு வேலை தேட ஆரம்பித்தான்.

நல்லவேளையாக, உப்பு உற்பத்தியாளர் சங்கத்தில் டைப்பிஸ்ட் வேலை காலியானது. சங்கச் செயலாளர் சகாயநாதனும் எங்கள் பங்குதான். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வேலை உனக்குத்தாம்பா. ஆனா அந்த ஆபீஸ்ல நீ இல்லைன்னு அவங்க வாயால வரணும். கவர்மென்ட் வேலையில இருக்கறவனை இங்க சேத்துக்கிட்டேன்னு வெச்சுக்க, நாளைக்கு என்னையும் வேலிக்கு வெளிய ஒக்கார வெச்சுடுவாங்க."

சவரிராயன் ராஜினாமா எழுதினான். கேட்டுக் கம்பி வழியாக நீட்டினான். சக்கரபாணி அதைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கிக்கொண்டு போனார். பதில் இல்லை. பிறகு ஒரு நாள் அவரே கேட்டுக்கு வந்தார்.

"உங்க ராஜினாமாவை மேலிடத்துக்கு அனுப்பினேன். முடிவும் வந்துடுச்சு."

"என்ன சார் முடிவு?"

"அதைச் சொல்ல முடியாது."

"என் ராஜினாமாதானே சார்?"

"எழுதினது நீங்க. முடிவு அரசாங்கத்தோடது. இந்த நிலையத்துல யாரு வேலையில இருக்கா, யாரு இல்லைங்கறது முதல் தர ரகசியம். அதைத் தெரிஞ்சுக்கணும்னா க்ளியரன்ஸ் வேணும். உங்களுக்கு இல்லையே."

"அப்ப நாளைக்கு நான் வரணுமா, வேணாமா?"

சக்கரபாணி இரண்டு பக்கமும் பார்த்தார். "முடிவு உங்களை விட்டாச்சுன்னு இருந்து நீங்க வந்தீங்கன்னா, அத்துமீறல். விடலைன்னு இருந்து வராமப் போனீங்கன்னா, தலைமறைவு. எல்லா ஸ்டேஷன்லயும் உங்க போட்டோ ஒட்டுவாங்க. யோசிச்சு நடந்துக்குங்க."

சவரிராயன் ராத்திரியெல்லாம் யோசித்தான். மறுநாள் வந்தான்; ஆனால் உட்காரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். வந்தது மாதிரியும் இருக்கும், வராதது மாதிரியும் இருக்கும் என்பது அவன் கணக்கு. அதுதான் வினையாகப் போனது. நாற்காலி இருக்கும்போது ஒருவன் ஏன் நிற்கிறான் என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. க்ளியரன்ஸ் பாக்கி இருக்கும்போது வேலையை விட நினைக்கிறான் என்றால், விசாரணைக்குப் பயப்படுகிறான் என்று அர்த்தம். பூவரச மரம் உடனடியாகப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்டது. சவரிராயன் நாற்காலியோடு ரோட்டைக் கடந்து எதிர்ப் பக்கம் போக வேண்டியதாயிற்று. எதிர்ப் பக்கம் என்றால் அமிர்தசாமியின் உப்பள வரப்பு. மாமனாராக வரவேண்டியவர் கண்ணெதிரிலேயே, அவர் நிலத்திலேயே, சும்மா இருக்கிற நிலைமை எந்த எதிரிக்கும் வரக் கூடாது.

மெட்ராஸிலிருந்து விசாரணை அதிகாரி பக்தவச்சலம் கிளம்பி வந்தார். விசாரணை ரகசியம் என்பதால் உப்பு வியாபாரி வேஷத்தில் வந்தார். சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம், காலில் போலீஸ் பூட்ஸ். வந்து இறங்கியது அரசாங்க ஜீப்பில். நேராகப் பச்சமுத்துவின் டீக்கடைக்குப் போய், மாதிரிக்கு என்று ஒரு கை உப்பு வாங்கி நாக்கில் போட்டுப் பார்த்து, "நல்ல சரக்குதான். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அந்த விஷயத்தில் கண்ணியமானவர்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தார். சவரிராயன்னு ஒரு பையன் இருக்கானாமே, எப்படி, குடிப் பழக்கம் உண்டா, குடும்பம் எப்படி, வருமானம் என்ன, யார் யாரோட பழகுறான்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளியூர்க்காரர் ஒருவர் சலவை வேட்டியோடு வந்து, ஒரு கல்யாணமாகாத பையனின் குடியையும் குடும்பத்தையும் வருமானத்தையும் பற்றிக் கேட்டால், எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு விசாரிக்க வந்தவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் மரக்காணத்தில் இன்னும் பிறக்கவில்லை. பையன் நம்ம பையன். நாலு வார்த்தை கூடப் போட்டால் குறைந்தா போய்விடுவோம்? பச்சமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பையன் தங்கங்க. சாதாரண எடம்னு நெனச்சுடாதீங்க. வெளிநாட்டுத் தொடர்பு நெறைய. மாமா சைகோன்ல துப்பாக்கி புடிச்சவரு. இப்ப பெரிய முதலியார்சாவடியில பிரெஞ்சுக்காரன் குடுக்குற பென்ஷன்ல காலாட்டிக்கினு இருக்காரு. அக்கா ஆரோவில்ல வெள்ளைக்காரங்களோட. நெனச்சா பாரிசுக்கே கூட்டிக்கினு போயிடுவாங்க."

"அப்படியா? பையன் அடிக்கடி வெளிய போவாரோ?"

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பாண்டிதான். அங்க யாரைப் பாக்குறான், எவரைப் பாக்குறான்னு நமக்கே தெரியாது. எல்லாம் பெரிய ஆளுங்க."

முடி வெட்டிக்கொள்ளத்தான் போகிறான் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

"சம்பளம் எப்படி?"

"சம்பளம் கெடக்குதுங்க. அதுக்கு மேல வர்றது இல்லையா?" பச்சமுத்து கண்ணடித்தார்.

"வாய் எப்படி? ரகசியத்தைக் காப்பாத்துவாரா?"

இது மாமியார் வீட்டுக் கேள்வி என்று பச்சமுத்துவுக்குப் பட்டது. "அந்தக் கவலையே வேணாங்க. ஆபீஸ்ல நடக்குறது ஒண்ணு விடாம பொண்டாட்டிகிட்ட சொல்லிடுற ரகம். ஒளிவு மறைவே கெடையாது."

பக்தவச்சலம் டீயைக் கீழே வைத்துவிட்டார். மீதிச் சில்லறைகூட வாங்காமல் எழுந்து போனதாகப் பச்சமுத்து பிறகு சொன்னார். பெண் வீட்டாருக்கு அவ்வளவு சந்தோஷமாம்.

அவர் மற்ற இடங்களுக்கும் போனார். எல்லா இடத்திலும் சவரிராயன் வளர்ந்துகொண்டே போனான். மாதா தெருவைத் தாண்டுவதற்குள் நாலு பாஷை பேசினான். கடற்கரைக் குப்பத்தில், கடலில் இறங்கினால் அலை தாண்டிக் கண்ணுக்கெட்டாத தூரம் போய்த் திரும்புகிற நீச்சல்காரனாகவும் ஆனான். நிஜத்தில் அவன் முழங்கால் தண்ணீரிலேயே சிலுவை போட்டுக்கொள்கிறவன். கடைசியாக பக்தவச்சலம் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார். சாமியார் அளந்து பேசுகிறவர்.

"பையன் ஒழுங்கா வர்றாரா சாமி?"

"மாசாமாசம் பாவசங்கீர்த்தனம் பண்ணுவான்."

"அப்படின்னா?"

"மூடின கூண்டுக்குள்ள நான் இருப்பேன். அவன் முழங்கால் போட்டு, செஞ்ச தப்பையெல்லாம் காதோட காதா சொல்லுவான்."

"என்னென்ன தப்பு?"

"அதை உசுரே போனாலும் சொல்ல மாட்டேன்" என்றார் சாமியார்.

பக்தவச்சலம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். அன்று சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் அவசர விசாரணை நடந்தது. சவரிராயன் உள்ளே வரக் கூடாது, அதிகாரிகள் ரகசியத்தோடு வெளியே போகக் கூடாது. அதனால் அவர்கள் வேலிக்கு அந்தப் பக்கமும், அவன் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் நின்று கத்திக்கொண்டார்கள். நடுவில் லாரி போகும்போது விசாரணை நிறுத்திவைக்கப்பட்டது. அமிர்தசாமியின் ஆட்கள் பாத்தி மிதிப்பதை நிறுத்திவிட்டு வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள்.

"மாசத்துக்கு ஒரு தடவை வெள்ளை அங்கி போட்ட ஒருத்தர்கிட்ட கூண்டுக்குள்ள தகவல் சொல்றீங்க. உண்டா, இல்லையா?" என்று பக்தவச்சலம் கத்தினார்.

"உண்டு சார். ஆனா அது பாவம் சார்!"

"பாவம் புண்ணியமெல்லாம் கோர்ட்ல பாத்துக்கலாம்! பாரிஸ், சைகோன், நடுக்கடல். என் சர்வீஸ்ல இவ்வளவு ஆழமான ஆளை நான் பார்த்ததில்லை. இப்படி ஒருத்தர் வேலையை விட்டு வெளிய போனா நாட்டோட கதி என்ன? வேலையிலயே வெச்சிருந்தாலும் கதி என்ன? அதனால உங்களை விடவும் முடியாது, வெச்சுக்கவும் முடியாது!"

சக்கரபாணிக்கு உணர்ச்சி பொங்கியது. "மிஸ்டர் சவரிராயன்! இந்த நிலையத்தோட பெருமை உங்களுக்குத் தெரியுமா? ஆரம்பிச்ச நாள்லேருந்து இங்கேருந்து ஒரு ரகசியம்கூட வெளிய போனதில்லை. ஏன்னா, ஒண்ணுகூட உள்ள வரவிட்டதில்லை! அவ்வளவு கட்டுப்பாடு! க்ளியரன்ஸ் வர்ற வரைக்கும் நீங்க எப்படி இருந்தீங்களோ அப்படியே இருக்கணும். ஊர் மாறக் கூடாது. வேலை மாறக் கூடாது. கல்யாணம் பண்ணிக்கக் கூடாது. பண்ணிக்கிட்டா அந்தப் பொண்ணையும், அவ அப்பாவையும், அவங்க உப்பையும் முதல்லேருந்து விசாரிக்கணும்!"

"மீசை, சார்?"

"தொடவே கூடாது!"

சவரிராயன் அன்றைக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போகக்கூட மறந்துவிட்டான். கேட்ட எனக்கே அழுகை வந்தது என்றால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் அன்று அமிர்தசாமி வெளியூரில் இருந்தார். விசாரணை அவர் காதில் விழவில்லை. திரும்பி வந்து, தன் ஆட்களைப் பார்ப்பதற்கு முன்னால் டீக்கடையில் கால் வைத்தபோது காதில் விழுந்தது வேறு சேதி. சவரிராயனைக் கேட்டு மெட்ராஸிலிருந்து பெண் வீட்டார் ஜீப்பிலேயே வந்துவிட்டார்கள். ஊர் முழுக்க விசாரித்தார்கள். அவ்வளவும் பிடித்துப்போய், சாமியார் வரைக்கும் போய்ப் பேசிவிட்டார்கள்.

அமிர்தசாமி உப்பளக்காரர். தன் சரக்கை வேறொருவன் விலை கேட்டுவிட்டான் என்றால் அவருக்குத் தூக்கம் வராது. அதுவரைக்கும் நாற்காலிக்காரனாகத் தெரிந்தவன், ஜீப் வந்த பிறகு மாப்பிள்ளையாகத் தெரிந்தான். பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் நடந்தே வரப்புக்கு வந்து சேர்ந்தார்.

"மாப்ளே, மெட்ராஸ்காரனுக்கு வாக்கு குடுத்துடலியே?"

சவரிராயன் திருதிருவென்று விழித்தான். பின்னாலேயே வந்த லீமா, அவன் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"இன்னும் குடுக்கலப்பா. கேட்டுக்கினுதான் இருக்காங்க. இவரை விடவே மாட்டேன்னு சொல்றாங்களாம்."

அதில் ஒரு பொய்யும் இல்லை. அமிர்தசாமி அன்றைக்கே சாமியாரிடம் போய் கல்யாண ஓலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் உப்பளக்காரர் உப்பளக்காரர்தான். "ஓலை படிக்கட்டும். ஆனா சங்கத்துல வேலைக்குச் சேத்துக்கினேன்னு சகாயநாதன் சொல்லணும். சொல்லலன்னா மூணாவது ஓலைக்கு நானே எந்திரிச்சு நிறுத்துவேன்" என்று வரப்பில் நின்று கையடித்துச் சொன்னார்.

எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில் ஓலை படிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் விவாகம்; இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் வாசிப்பார். வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து எவரும் எழுந்து எதையும் வெளிப்படுத்தியதும் இல்லை. முதல் ஓலை போனது. இரண்டாவது ஓலையின்போது கடைசி வரிசையில் போலீஸ் பூட்ஸ் தெரிந்தது. லீமா முக்காட்டுக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் சவரிராயனைப் பிடித்தாள்.

"மாமா, அடுத்த ஞாயித்துக்கிழமை அவுங்க எந்திரிச்சுத் தடை சொல்லப் போறாங்க."

"எல்லாம் போச்சு லீமா. நீ அந்த போஸ்டாபீஸ்காரனையே கட்டிக்க" என்றான். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வாயில போட்டன்னா தெரியும். நீ பேசாம மொத வரிசையில வந்து ஒக்காரு. எதுத்து ஒரு வார்த்தை பேசாத. சகாயநாதன் சித்தப்பாவைப் பக்கத்துல ஒக்கார வெச்சுக்க. அது போதும்."

சனிக்கிழமை சாயங்காலம் லீமா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கூண்டுக்குள் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. சாமியாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள், இந்தப் பெண்ணுக்கு இத்தனை பாவமா என்று முணுமுணுக்கிற அளவுக்கு நேரம் பிடித்தது என்பது மட்டும் தெரியும். வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தாளாம்.

மூன்றாவது ஞாயிறு. பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலையை எடுத்தார். அன்றைக்குக் கோயிலில் நிற்க இடமில்லை. டீக்கடையைச் சாத்திவிட்டு, பெண் வீட்டார் வந்திருப்பதாகச் சொல்லிப் பச்சமுத்துகூட வாசலில் வந்து நின்றார். 'கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்று சாமியார் முடித்ததும் பின்னாலிருந்து சக்கரபாணி எழுந்தார். பக்கத்தில் பக்தவச்சலம் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்றார் சக்கரபாணி.

"பொண்ணு மேலயா, மாப்பிள்ளை மேலயா?" என்று சாமியார் கேட்டார்.

"மாப்பிள்ளை மேல."

"ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா?"

"இல்லை."

"ஞானஸ்நானம் வாங்காதவனா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவரைப் பத்தி ஒரு விசாரணை பாக்கி இருக்கு."

"என்ன விசாரணை?"

"அப்படி ஒரு விசாரணை நடக்குதுன்னு நான் சொல்லக் கூடாது."

"இப்பதானே சொன்னீங்க?"

"நீங்க அதைக் கேட்டிருக்கக் கூடாது."

பக்தவச்சலம் எதையோ குறித்துக்கொண்டார். சக்கரபாணியின் முகம் வெளுத்தது. ரகசியத்தை வெளியிடுகிற அதிகாரியைக் கவனிக்கவும் பக்தவச்சலத்துக்கு உத்தரவு உண்டு என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

சாமியார் ஓலையை மடித்து வைத்தார். "பீடத்துக்கு முன்னாடி நிக்கிறீங்க. பொய் சொல்லக் கூடாது. உப்பளத்து ரோட்டுல வேலி போட்டு உங்களுக்கு ஒரு ஆபீஸ் இருக்குதா?"

கோயிலே திரும்பிப் பார்த்தது. சக்கரபாணி பக்தவச்சலத்தைப் பார்த்தார். பக்தவச்சலம் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு தயாராக இருந்தார். இருக்கிறது என்று சொன்னால், ஊர் முழுக்க வைத்து நிலைய அதிகாரியே ரகசியத்தை உடைத்ததாக ஆகும்.

"இல்லை" என்றார் சக்கரபாணி.

"கேட்டுல அப்படித்தான் போட்டிருக்குது சாமி!" என்று வாசலிலிருந்து பச்சமுத்து சாட்சி சொன்னார்.

"நல்லது. அந்த ஆபீஸ்ல இந்த சவரிராயன் வேலை பாக்குறானா?"

"இல்லாத ஆபீஸ்ல எப்படிங்க வேலை பார்க்க முடியும்?"

"அதைத்தான் கேக்குறேன். பாக்குறானா, இல்லையா?"

"இல்லை."

"என்னைக்காவது பாத்தானா?"

சக்கரபாணி மறுபடி பக்கத்தில் பார்த்தார். பென்சில் காத்திருந்தது. "இல்லை. ஒரு நாளும் இல்லை."

சாமியார் முதல் வரிசையைப் பார்த்தார். "சகாயநாதன், கேட்டியா?"

"கேட்டேன் சாமி. அவங்க வாயாலயே வந்துடுச்சு. நாளைக்கே சேத்துக்கறேன்."

"நாளைக்கு வேணாம், நாளைக்கு அவனுக்குக் கல்யாணம். தடை ஒண்ணும் இல்லை. எல்லாரும் எழுந்து நில்லுங்க, விசுவாசப் பிரமாணம் சொல்லலாம்."

அன்றைக்கு விசுவாசப் பிரமாணத்தை எங்கள் கோயில் சொன்ன மாதிரி நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஓடு பறந்துவிடுகிற மாதிரி சொன்னார்கள். பச்சமுத்து இந்து, அவரும் தெரிந்த வரைக்கும் கத்தினார். அமிர்தசாமி, மெட்ராஸ்காரனைத் தோற்கடித்துவிட்ட பெருமையில், பூசை முடியும் முன்னாலேயே மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். லீமா தலையைக் குனிந்து ஜெபிப்பது போல இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

பூசை முடிந்து எல்லோரும் மணலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது சக்கரபாணி ஒதுங்கி நின்றார். பக்தவச்சலம் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சவரிராயனுக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே போனான்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இனிமேலாவது சொல்லுங்க. அந்த உள் ரூம்ல அப்படி என்னதான் சார் இருக்குது?"

சக்கரபாணி இரண்டு பக்கமும் பார்த்தார். "தெரியாது."

"உங்களுக்குமா?"

"எனக்கும் க்ளியரன்ஸ் வரலை. நான் வெளி ரூமோட சரி. கல்யாணமான புதுசுல இந்த இலாகாவுல சேர்ந்தேன். பையன் இப்போ எஸ்.எஸ்.எல்.சி. எழுதறான். உள் ரூம் சாவி க்ளியரன்ஸ் வந்தவங்ககிட்டதான் இருக்கணும்னு விதி. அப்படி யாரும் இன்னும் வரலை." அவர் இன்னும் கிட்டே வந்தார். "நானும் ஒரு தடவை ராஜினாமா எழுதினேன். ஏத்துக்கிட்டாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை."

சவரிராயன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். சக்கரபாணி கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சாமியார் ஜனங்களுக்கு நடுவே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் சவரிராயன், உங்க சாமியார் எனக்கும் ஒரு ஓலை படிப்பாரா?"

"அது கல்யாணம் பண்ணிக்கறவங்களுக்குத்தான் சார். உங்களுக்குத்தான் ஆயிடுச்சே."

"அதனால என்ன?" என்றார் சக்கரபாணி. "அவளையே இன்னொரு தடவை கட்டிக்கிறேன். படிக்கச் சொல்லுங்க."